வீட்டு கேரேஜில் கிட் கார்: எம்எக்ஸ்-5 வாங்கிப் பிரிக்கலாமா?

மில்டன்கீன்ஸ்வாசி:

வணக்கம். இங்கிலாந்தில் கிட் கார் (பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டும் கார்) கட்டியவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மே மாதம் வார்விக்ஷயரில் ஸ்டோன்லி பார்க்கில் நடக்கும் கிட் கார் கண்காட்சிக்குப் போயிருந்தேன். லோட்டஸ் செவன் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியான வண்டி ஒன்றில் உட்காரவிட்டார்கள். கதவு கிடையாது, கையை நீட்டினால் தரை. அன்றிலிருந்து அந்த நினைப்பாகவே இருக்கிறேன். வாங்குவதைவிட நானே கட்ட வேண்டும் என்பதுதான் ஆசை.

வயது 34. வேலை கணினி முன்னால். ஊரில் இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து அம்பாசடரில் கார்புரேட்டர், பிரேக் ஷூ எல்லாம் கழற்றி மாட்டிய பழக்கம் உண்டு. வெல்டிங் தெரியாது. வீட்டில் ஒற்றைக் கார் கேரேஜ், ஏறக்குறைய 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். வாசலில் இன்னொரு வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. ஆனால் அங்கே பிரித்துப் போட்ட வண்டி மாதக்கணக்கில் கிடக்கக் கூடாது என்று வீட்டம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கிப் பிரித்து அதன் பாகங்களைப் போடுவதா, ஃபோர்டு சியராவுக்கு ஏற்ற கிட் எடுப்பதா, அல்லது என்ஜின், கியர்பாக்ஸ் என்று தனித்தனியாகத் தேடி வாங்குவதா? கருவிகளில் எதை வாங்கியே ஆக வேண்டும்? கடைசியில் ஐவிஏ சோதனையில், அதாவது ரோட்டில் ஓட்ட ஒப்புதல் தரும் அரசுச் சோதனையில், என்ன பார்ப்பார்கள்? முழு வண்டியாக வாங்குவதைவிட இது மலிவாக முடியும் என்று நினைக்கிறேன், அதுவும் சரிதானா என்று சொல்லுங்கள்.


ஸ்பானர்செட்:

தம்பி, கோவென்ட்ரி பக்கம் ஃபிட்டராக வேலை பார்க்கிறேன். எம்எக்ஸ்-5 பாகங்களில் செவன் வகை வண்டி ஒன்று கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நண்பர்கள் கட்டிய வண்டிகளிலும் கை வைத்திருக்கிறேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மலிவு பற்றி. 1957-இல் லோட்டஸ் செவன் வந்தபோது அதைப் பாகங்களாக விற்றதற்குக் காரணம் வரி. முழு வண்டி வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டினால் கிடையாது. 1973-இல் அந்த வரி போய் வாட் வந்ததும் அந்த லாபமும் போய்விட்டது. அதே ஆண்டில்தான் செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆகவே பணத்தை மிச்சம் பிடிக்க இதில் இறங்காதீர்கள். நன்றாகக் கட்டி முடித்த பழைய கிட் கார் ஒன்றை, அதைக் கட்ட ஆன செலவைவிடக் குறைவாகவே வாங்கலாம். ஒவ்வொரு நட்டையும் நீங்களே முடுக்கிய வண்டியில் போக வேண்டும் என்று ஆசை இருந்தால் மட்டும் கட்டுங்கள். அந்த ஆசை உங்களிடம் இருப்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது.

டோனர் வண்டி, அதாவது பாகங்களுக்காகப் பிரிக்கும் பழைய வண்டி, விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. எம்எக்ஸ்-5 தான், அதுவும் முழு வண்டியாக. சியரா உற்பத்தி 1993-இலேயே நின்றுவிட்டது. ஒரு காலத்தில் கிட் கார் உலகமே அதை நம்பி இருந்தது, இப்போது நல்ல சியரா கிடைத்தால் அதை யாரும் பிரிக்க மாட்டார்கள். எம்எக்ஸ்-5-இல் என்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், பின்சக்கர இயக்கம், நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்க நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று இருக்கும், சில கிட்கள் அதையும் அப்படியே பயன்படுத்துகின்றன. 1989 முதல் 1997 வரை வந்தது முதல் தலைமுறை, அதன் பிறகு 2005 வரை இரண்டாவது. இரண்டுக்குமே கிட் உண்டு. ஆனால் எந்தத் தலைமுறை, 1.6-ஆ 1.8-ஆ என்பதைக் கிட் தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டுத்தான் வண்டி தேட வேண்டும்.

இந்த வண்டியின் பெரிய நோய் துரு. பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதி அரித்துப்போகும். இரண்டாம் தலைமுறையில் முன்பக்கச் சேஸி ரெயிலும் சேர்ந்து போகும். அதைச் சரி செய்ய வெல்டிங் செலவு அதிகம் என்பதால் நன்றாக ஓடும் வண்டிகளைக்கூட மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். நமக்கு அந்தக் கூடு வேண்டவே வேண்டாம். என்ஜின், கியர்பாக்ஸ், டிஃப், ஹப், பிரேக், ஸ்டீயரிங், வயரிங், ஹேண்ட்பிரேக் கேபிள், பெடல் சுவிட்ச் வரை மீதி எல்லாம் நமக்கு வேண்டும்.

இதில் நான் ரொம்பவும் வற்புறுத்துவது ஒன்று உண்டு. ஓடாத வண்டியை வாங்காதீர்கள், பாகங்களாகவும் சேர்க்காதீர்கள். எம்ஓடி (ஆண்டுத் தகுதிச் சோதனை) மிச்சம் இருக்கும், சாவி போட்டதும் கிளம்பும் வண்டியாக வாங்கிச் சில வாரம் ஓட்டுங்கள். வேலைக்குப் போங்கள், கடைக்குப் போங்கள், மோட்டார்வேயில் ஒரு மணி நேரம் விடுங்கள். இரண்டாவது கியர் குளிரில் முரண்டு பிடிக்கிறதா, டிஃப் ஊளையிடுகிறதா, கிளட்ச் பெடல் மெதுவாகத் தரைக்கு இறங்குகிறதா, வெப்பமுள் நடுவில் நிற்கிறதா என்றெல்லாம் அப்போதுதான் தெரியும். கட்டி முடித்த கிட் காரில் ஒரு சத்தம் வந்தால் அது என்ஜினிலிருந்தா, நாம் மாட்டிய விதத்திலிருந்தா என்று தேடியே பலர் சலித்துப்போகிறார்கள். அந்த என்ஜினை ஏற்கெனவே ஓட்டிக் கேட்டவருக்குப் பாதித் தேடல் மிச்சம். தனித்தனியாக ஏலத்தில் வாங்கிய என்ஜினில் சென்சார் ஒன்று, பிராக்கெட் ஒன்று, போல்ட் நான்கு என்று எப்போதும் ஏதாவது குறையும். அதைத் தேடி வாங்கும் செலவைக் கூட்டினால் ஒரு முழு வண்டி வந்துவிடும்.

1989 முதல் 1991 வரையிலான 1.6 என்ஜின்களில் கிராங்க் முன்மூக்கு சிறியது, அதில் புல்லி உட்காரும் சாவிப் பள்ளம் தேய்ந்து ஆடும் குறை உண்டு. அந்த ஆண்டு வண்டி என்றால் என்ஜின் ஓடும்போது கீழே உள்ள புல்லியைப் பாருங்கள், கோணலாகச் சுற்றினால் விட்டுவிடுங்கள். காலையில் கிளப்பும்போது மேலே டிக் டிக் என்று வால்வ் லிஃப்டர் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், அது இந்த என்ஜின்களில் சகஜம்.

கேரேஜ் அளவு போதும். கேட்டர்ஹாம் செவன் மூன்று மீட்டரைச் சற்றுத் தாண்டும் நீளம்தான், அகலம் 1.6 மீட்டருக்குள். நடந்து வேலை செய்ய இடம் இருக்கும். இடம் இல்லாமல் போவது டோனரைப் பிரிக்கும்போதுதான். அந்த நாட்களைத் தள்ளித்தள்ளிப் போடாமல் விடுப்பு எடுத்து ஒரே வீச்சில் முடித்துவிடுங்கள். வாசலில் கூடு கிடக்கும் காலம் குறைந்தால் வீட்டிலும் தெருவிலும் சமாதானம் இருக்கும்.

பிரிக்கும்போது, கழற்றிய போல்ட்டை முடிந்தவரை அது இருந்த ஓட்டையிலேயே திரும்பச் செருகிவையுங்கள். முடியாததைச் சிறு பையில் போட்டு எந்த இடம் என்று எழுதிவிடுங்கள். தொலைபேசியில் படம் எடுக்காமல் ஒரு கிளிப்பைக்கூட விலக்காதீர்கள், அந்தப் படங்கள் பின்னால் வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்கும் வேண்டும். என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகவே வெளியே வரட்டும். வெளியே வந்த கையோடு கிளட்ச், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உள்ளே போன பிறகு இவற்றைத் தொடுவது பெரும்பாடு.

வெல்டிங் தெரியாதது ஒரு குறையே இல்லை. நல்ல கிட்டில் சேஸி வெல்டிங் முடிந்து, பவுடர் பூச்சு பூசி வரும். நீங்கள் செய்ய வேண்டியது ஓட்டை போடுவது, அரம் போடுவது, ரிவெட் அடிப்பது, முடுக்குவது. நல்ல ஆக்ஸில் ஸ்டாண்டு நான்கு, டிராலி ஜாக், சிறிதும் பெரிதுமாக இரண்டு டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு முடுக்கும் ஸ்பானர்), நீண்ட கை வைத்த ரிவெட் கன், பிரேக் குழாய் முனையை விரிக்கும் ஃப்ளேரிங் கருவி, மல்டிமீட்டர், தரமான டிரில் பிட், அரம், இவ்வளவு போதும். என்ஜின் கிரேனைப் பழையதாக வாங்கி, வேலை முடிந்ததும் விற்றுவிடலாம். ஃப்ளேரிங் கருவியில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.

அலுமினியத் தகடுகளை அடிக்கும் முன் எல்லாவற்றையும் தற்காலிகப் பின் போட்டு நிறுத்திப் பாருங்கள். ஓட்டை போட்டதும் தகட்டை எடுத்துப் பிசிர் நீக்கி, பாலியூரித்தேன் பசை தடவி, அதன் பிறகு ரிவெட் அடியுங்கள். பசை நீரைத் தடுக்கும். இரும்பும் அலுமினியமும் நேராக ஒட்டிக்கொண்டு அரிப்பதையும் தடுக்கும். இந்த ஊர்க் குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்புக்கு அது ரொம்ப அவசியம்.

இப்போது பிரேக். இங்கேதான் நீங்கள் நேரம் செலவிட வேண்டும்.

குழாய்க்குச் செம்பு வேண்டாம், செம்பு-நிக்கல் கலவை வாங்குங்கள். வளைக்க எளிது, அதிர்வில் சீக்கிரம் இறுகிப்போகாது. முனை விரிப்பில் ஒரு பொறி இருக்கிறது. எம்எக்ஸ்-5 போன்ற ஜப்பானிய வண்டிகளில் குழாய் முனை உள்மடிப்பாக, இரட்டை விரிப்பாக இருக்கும். ஐரோப்பிய வண்டிகளில் குமிழ் மாதிரி ஒற்றை விரிப்பு. இரண்டுக்கும் மரை 10 மில்லிமீட்டரும் 1 மில்லிமீட்டர் புரியும்தான். அதனால் ஒன்றை மற்றொன்றில் முடுக்கினால் ஏறிவிடும், உட்கார்ந்த மாதிரியும் இருக்கும், ஆனால் அழுத்தம் கொடுத்தால் கசியும். கிட்டோடு வரும் மூவழி இணைப்பும் நெகிழ் குழாயும் எந்த வகை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு முனையை விரியுங்கள். குழாயை இரும்புச் சட்டத்தின் மறைவில் கொண்டுபோங்கள், நெருக்கமாகக் கிளிப் போடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கமும், ஜாக் வைக்கும் இடத்திலும் ஓடவே கூடாது. சக்கரத்தைக் கடைசிவரை திருப்பி, சஸ்பென்ஷனை மேலும் கீழும் முழுக்க நகர்த்தி, நெகிழ் குழாய் எதையாவது உரசுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

ஹேண்ட்பிரேக் இன்னொரு தலைவலி. இந்த வண்டியில் அது பின் டிஸ்க் காலிப்பரிலேயே வேலை செய்கிறது. காலிப்பருக்குள் கை அட்ஜஸ்டர் ஒன்று இருக்கிறது, மூடி போல்ட்டைக் கழற்றினால் உள்ளே ஆலன் சாவி நுழையும். முதலில் அதைச் சரியாக வைத்துவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும். கேபிளை மட்டும் இழுத்து இழுத்துச் சரிக்கட்டினால் வீட்டு வாசலில் பிடிக்கும், சோதனை ரோலரில் பிடிக்காது. காலிப்பர் நகரும் பின்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும், எடுத்துச் சுத்தம் செய்து அதற்கான கிரீஸ் போடுங்கள். காலிப்பர் மோசமாக இருந்தால் புதுப்பித்தது வாங்கிவிடுங்கள்.

டோனர் ஏறத்தாழ ஒரு டன் வண்டி. நீங்கள் கட்டப்போவது அதில் பாதியைச் சற்றுத் தாண்டும். அதனால் முன்-பின் பிரேக் பங்கீடு மாறும். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்னால் பூட்டிக்கொள்ளக் கூடாது, ஐவிஏ-வில் இதை அளப்பார்கள். பங்கீட்டு வால்வை வைப்பதா, மாற்றுவதா, சர்வோவை (பிரேக் மிதிக்கு வலு கூட்டும் கருவி) விடுவதா என்பதில் கிட் தயாரிப்பாளர் சொல்வதை அப்படியே செய்யுங்கள். நண்பர் சொன்னார், வீடியோவில் பார்த்தேன் என்று இந்த இடத்தில் எதையும் மாற்றாதீர்கள்.

கிட் தேர்வுக்கு இரண்டு வார்த்தை. உங்கள் ஷூவோடு உட்கார்ந்து மூன்று பெடலையும் மிதித்துப் பாருங்கள். செவன் வகை வண்டிகளில் கால் வைக்கும் இடம் ரொம்ப ஒடுக்கம், நம் பாதம் இரண்டு பெடலையும் சேர்த்து அழுத்தினால் அந்த வண்டி நமக்கு ஆகாது. பணம் முழுதும் முன்னால் கட்டாமல் சேஸி, சஸ்பென்ஷன், உடல் பாகம் என்று கட்டம் கட்டமாக வாங்குங்கள். இந்தத் தொழிலில் சிறு நிறுவனங்கள் கைமாறுவதும் மூடுவதும் சகஜம்.


மின்கம்பி:

ஸ்பானர்செட் அண்ணா வயரிங்கைத் தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். லெஸ்டரில் எலக்ட்ரீஷியன். என் கணவர் கட்டிய வண்டிக்கு வயரிங் முழுக்க என் கைவேலை. பாதியில் நின்றுபோன கிட் கார் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள், வயரிங் மட்டும் பாக்கி என்றுதான் நிறைய இருக்கும்.

டோனரின் லூமை (வயர்க் கட்டு) வெட்டி எடுக்காதீர்கள். ஒவ்வொரு இணைப்பானிலும் துணி டேப்பில் பெயர் எழுதி ஒட்டி, முழு லூமையும் முழுதாக வெளியே எடுங்கள். பெரிய பிளைவுட் பலகையில் விரித்து, ஃப்யூஸ் பாக்ஸ், இசியு (என்ஜின் கணினி), விளக்குகள் எல்லாவற்றையும் மாட்டுங்கள். பேட்டரி கொடுத்து எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே குறைக்க ஆரம்பிக்க வேண்டும். பவர் விண்டோ, ரேடியோ, முதல் தலைமுறை என்றால் மேலே எழும்பும் ஹெட்லைட் மோட்டார் என்று வேண்டாத சுற்றுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒன்றை எடுத்ததும் மற்றவை வேலை செய்கின்றனவா என்று திரும்பச் சோதியுங்கள். இரண்டு சுற்றுகளை ஒரே நேரத்தில் எடுத்தால் கோளாறு வரும்போது எதனால் என்று தெரியாது. டோனரில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) இருந்தால் இசியு, சாவி, சாவித் துளையைச் சுற்றிய வளையம் மூன்றையும் சேர்த்தே வைத்திருங்கள், பிரிந்தால் என்ஜின் கிளம்பாது.

அடுத்தது எர்த். மாஸ்டாவில் உடல் முழுக்க இரும்பு, எங்கே திருகினாலும் எர்த் கிடைக்கும். கிட் காரில் சேஸிமேல் பவுடர் பூச்சு இருக்கிறது, அது மின்சாரத்தை விடாது. மட்கார்டும் மூக்கும் ஃபைபர் கிளாஸ், அதில் மாட்டிய விளக்குக்கு எர்த்தே கிடையாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கறுப்பு வயர் இழுத்து ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த இடத்தில் பூச்சைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். என்ஜினிலிருந்து சேஸிக்கும் தடித்த பட்டை வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் திராட்டில் கேபிள் வழியாக எர்த் தேடும், கேபிள் புகையும்.

சோதனைக்கு உதவும் சில விஷயங்கள். சாவி எடுத்த பிறகும் நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்ன வேண்டும். பின்பக்க ஃபாக் லைட் ஒன்றே ஒன்று போடுவதென்றால் ஓட்டுநர் பக்கமோ நடுவிலோதான். அது எரியும்போது டேஷ்போர்டில் அடையாள விளக்கு தெரிய வேண்டும். ஸ்பீடோமீட்டருக்கு ஜிபிஎஸ் வகை வாங்கப் பலர் ஆசைப்படுகிறார்கள். சோதனை ரோலரில் சக்கரம்தான் சுற்றும், வண்டி நகராது. ஜிபிஎஸ் பூஜ்யம் காட்டும். முதல் தலைமுறையில் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் மீட்டர், இரண்டாவதில் மின் சென்சார். அதையே பயன்படுத்துங்கள், அல்லது சக்கர சென்சாரில் ஓடும் மீட்டர் வாங்குங்கள்.


கரிச்சான்:

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. யாரோ ஆரம்பித்துப் பாதியில் விட்ட வண்டியை வாங்கினால் பணமும் மிச்சம், நேரமும் மிச்சம். சேஸி, உடல், சஸ்பென்ஷன் எல்லாம் வந்திருக்கும். முதன்முதலாகக் கட்டுபவருக்கு அதுதான் நல்லது என்று நினைக்கிறேன். நான் அப்படித்தான் வாங்கினேன், இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.


மில்டன்கீன்ஸ்வாசி:

மூவருக்கும் ரொம்ப நன்றி. முழு எம்எக்ஸ்-5 என்று முடிவு செய்துவிட்டேன். மலிவு பற்றிய எண்ணத்தையும் விட்டுவிட்டேன்.

கரிச்சான் சொல்வது ஆசையாக இருக்கிறது, ஆனால் அதில் காகித விவகாரம் எப்படி? ஐவிஏ பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். எந்த வயது நம்பர் பிளேட் வரும், க்யூ பிளேட் என்கிறார்களே அது என்ன? என்ஜின் நிறுத்தக் கொஞ்சம் இடம் மாற்ற வேண்டியிருந்தால் ஸ்டீயரிங் தண்டை வெட்டிச் சின்னதாக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், அது சரியா?


ஸ்பானர்செட்:

ஸ்டீயரிங் தண்டை வெட்டி வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். கிட் தயாரிப்பாளர் கொடுக்கும் தண்டும் யுனிவர்சல் ஜாயிண்டும் மட்டும்தான். அது பொருந்தவில்லை என்றால் வேறு ஏதோ தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

கரிச்சானுக்கு நல்ல வண்டி அமைந்திருக்கிறது, மகிழ்ச்சி. பாதி வண்டி வாங்குவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை, ஆனால் இரண்டு நிபந்தனை. கிட் ரசீதும், டோனரின் வி5சி பதிவுப் புத்தகமும் விற்பவர் கையில் இருக்க வேண்டும். அடுத்து, அவர் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் நீங்கள் திரும்பக் கழற்றிப் புது நைலாக் (தானே தளராத, நைலான் வளையம் வைத்த) நட்டுப் போட வேண்டும். அதற்கு மனம் இருந்தால் வாங்கலாம்.

காகிதம் எப்படி என்றால், கிட் தயாரிப்பாளரின் புதுச் சேஸியோடு ஒரே டோனரின் முக்கியப் பாகங்களில் இரண்டையாவது போட்டதை நிரூபித்தால் அந்த டோனரின் வயதுக்கு ஏற்ற எண் கேட்கலாம். நிரூபிக்க முடியாவிட்டால், அல்லது வயது தெரியாவிட்டால், க்யூ எழுத்தில் தொடங்கும் எண் வரும். ஓட்டுவதற்கு க்யூ பிளேட் தடை இல்லை, விற்கும்போது விலை குறையும். முழு டோனர் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். என்ஜின் வயதுக்கு ஏற்பத்தான் புகைச் சோதனையும் இருக்கும், அதற்கும் அந்த வி5சி தான் சாட்சி. ஆகவே வி5சி உங்கள் பெயருக்கு மாறட்டும். வண்டி ரோட்டிலிருந்து இறங்கிய அன்றே எஸ்ஓஆர்என், அதாவது வண்டி ரோட்டில் ஓடவில்லை என்று, அறிவித்துவிடுங்கள். மிஞ்சிய கூட்டை அவசரப்பட்டுப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளாதீர்கள். அங்கே அழிப்புச் சான்றிதழ் போட்டுவிட்டால் பதிவேட்டில் அந்த வண்டி முடிந்துபோகும். முதலில் டிவிஎல்ஏ-வுக்கு எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் பதிவு விண்ணப்பமான வி55/5, கிட் கார்களுக்கான வி627/1 படிவம், ஐவிஏ சான்றிதழ், ரசீதுகள், படங்கள் எல்லாம் டிவிஎல்ஏ இருக்கும் ஸ்வான்சீக்குப் போகும்.

ஐவிஏ 2009-இல் வந்தது, அதற்கு முன் எஸ்விஏ இருந்தது. டிவிஎஸ்ஏ என்ற அரசு அமைப்பு நடத்துகிறது. அதன் சோதனைக் கையேடு அரசுத் தளத்தில் இலவசம். சேஸி வரும் முன்பே அதைப் படியுங்கள். கட்டி முடித்துவிட்டுப் படிப்பவர்கள் மாட்டியதைக் கழற்ற வேண்டிவரும்.

அவர்கள் பார்ப்பதில் பாதி, வண்டி யாரையாவது இடித்தால் கிழிக்குமா என்பதே. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து வெளிப்பக்கம் எங்கெல்லாம் படுமோ அங்கெல்லாம் விளிம்பு குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்தில் உருண்டிருக்க வேண்டும். உள்ளே வேறு அளவுப் பந்து, 165 மில்லிமீட்டர். செவன் வகையில் சஸ்பென்ஷன் கைகளே வெளியில் நிற்பதால் போல்ட் தலை, பிராக்கெட் மூலை, மட்கார்டு விளிம்பு எல்லாம் கணக்கில் வரும். ரப்பர் விளிம்புப் பட்டையும் போல்ட் மூடியும் நிறைய வாங்கி வையுங்கள். பட்டை கையால் இழுத்தால் வரக் கூடாது, ஒட்டிவிடுங்கள்.

சத்தம் 99 டெசிபல் வரை. புது சைலன்சரில் கிட்டத்தட்ட அந்த எல்லையில் நின்றால் கவலைதான், கொஞ்சம் இடைவெளி விட்டு அமைதியானதாகவே போடுங்கள். ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்புகிறதா என்று ஓட்டிப் பார்ப்பார்கள். லேசான வண்டியில் இது பலருக்கு இடறும், காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) போதாமல் இருக்கும். முன் அமைப்பைச் சரியான இடத்தில் அளந்து வைத்துவிட்டுப் போங்கள். சீட் பெல்ட் பிடிமானம், ஸ்டீயரிங் பூட்டு, பிரேக் எண்ணெய் குறைந்தால் எரியும் விளக்கு, தொலையாத பெட்ரோல் மூடி, ஒவ்வொரு நைலாக்கிலும் முழு மரை வெளியே தெரிவது என்று சின்னச் சின்னதாக நிறைய உண்டு. நான் முடுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயிண்ட் கோடு போடுவேன். கோடு இல்லாத நட்டு கண்ணில் பட்டால் அது இன்னும் டார்க் ரென்ச் பார்க்காதது. சோதகரும் அந்தக் கோட்டைக் கவனிப்பார்.

பெட்ரோல் குழாயில் கவனம். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோல் ஈ10, எத்தனால் 10 சதவீதம் வரை. பழைய ரப்பர் அதில் விரிசல் விட்டுப்போகும். ஆர்9 என்று மேலே அச்சிட்ட குழாய் மட்டும் வாங்குங்கள், டோனரின் பழைய குழாயைத் திரும்பப் போடாதீர்கள்.

முன்பதிவு செய்த சோதனைக்குப் பதிவு எண் இல்லாமல் ஓட்டிக்கொண்டே போகலாம், சேஸி எண்ணை வைத்துக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஆனால் முதன்முதலாக நீளத் தூரம் ஓட்டுவது அன்றைக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். டிரெய்லர் வாடகைக்கு எடுங்கள்.


சென்னைமெக்கானிக்:

படிக்கவே ஆசையாக இருக்கிறது. இங்கே தமிழ்நாட்டில் இப்படிக் கட்டி ரோட்டில் ஓட்ட வழி உண்டா?


கரிச்சான்:

ரோட்டுக்கு என்றால் வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏஆர்ஏஐ போன்ற வாகனச் சோதனை நிறுவனங்களில் மாதிரி ஒப்புதல் பெற்ற வண்டிக்குத்தான் ஆர்டிஓ பதிவு தருவார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவான வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதையே தடுக்கிறது. வீட்டில் ஒரே ஒரு வண்டி கட்டுபவருக்கு இங்கிலாந்தின் ஐவிஏ மாதிரி தனிக் கதவு இந்தியாவில் இல்லை. கல்லூரியில் படிப்பவர் என்றால் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் கார் போட்டி இருக்கிறது, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. சேஸியிலிருந்து எல்லாம் மாணவர்களே கட்டுகிறார்கள். வண்டி கட்டும் கைவேலை கற்க நல்ல இடம்.


மில்டன்கீன்ஸ்வாசி:

சனிக்கிழமை நார்தாம்ப்டனில் 1996 மாடல் 1.8 ஒன்றைப் பார்க்கப் போகிறேன். சில் இரண்டும் போய்விட்டதாம், எம்ஓடி இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. போனில் பேசியபோது விற்பவர் நல்லவராகத் தெரிந்தார். எதையெல்லாம் பார்க்கட்டும்?


ஸ்பானர்செட்:

நீங்கள் போகும் முன் என்ஜினைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் போனட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி, பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லி நீலப்புகை வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள், இரண்டாவது கியரைக் குளிரிலேயே போட்டுப் பாருங்கள். ஓட்டி முடித்த பிறகு வால்வ் கவரின் பின்மூலையில் டார்ச் அடியுங்கள், அங்கே கேம் கோண சென்சார் இருக்கிறது. அதன் ஓ-ரிங்கில் எண்ணெய் ஒழுகும், மலிவான வேலை, விலை குறைக்க உதவும். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் ரப்பரைத் தூக்கி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சேஸி எண்ணும் வி5சி-யில் உள்ள எண்ணும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும், என்ஜின் எண்ணும்தான். ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று ரசீது இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வ் பிஸ்டனில் இடிக்காது. சில் போனது பற்றி ரொம்பப் பேசுங்கள், விலை இறங்கும். ஹார்ட்டாப் (கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதைத் தனியாக விற்றே காலிப்பர், கிளட்ச் செலவில் நல்ல பங்கு தேறிவிடும்.